முதல் சம்பளம் வரும் வரை

சென்ற அத்தியாயத்தில் மூன்று பட்டியல் எடுக்கச் சொல்லியிருந்தேன். படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள், பாதியில் விட்டவர்கள், வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள். எடுத்திருந்தால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரத்தில் நான் போன ஊர்களில் பெரும்பாலும் மூன்றாவது பட்டியல்தான் நீளம்.

எனக்கு இது புரியவே சில ஆண்டுகள் ஆயின. ஆரம்பத்தில் எங்கள் வேலையெல்லாம் பிள்ளைகளை அனுப்பிவைப்பதுதான். முகாம் நடத்துவோம், கம்பெனிக்காரர்கள் வருவார்கள், ஆணை கொடுப்பார்கள், போட்டோ எடுப்போம். இத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்று அறிக்கை போகும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அதே பையன்கள் கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் வெட்டிக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் கரிமூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருப்பார்கள். கேட்டால் "சரிப்படலை சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எது சரிப்படவில்லை என்று ஒரு அம்மாதான் சொன்னார். "அவன் கம்பெனியில சேந்து முப்பது நாள்ல மூணு தடவை காசு கேட்டான் சார். சம்பாதிக்கப் போனவனுக்கு நான் வட்டிக்கு வாங்கி அனுப்புனா, வட்டியை யாரு கட்டுறது? வந்துருப்பான்னுட்டேன்."

பயிற்சி மட்டம் என்பதாலோ, பையன் சோம்பேறி என்பதாலோ, கிராமத்துப் பிள்ளைக்கு நகரம் ஒத்துவராததாலோ திரும்பி வருபவர்கள் உண்டு, குறைவு. நான் பார்த்தவரை பெரும்பாலோர் முதல் சம்பளத்துக்கும் இரண்டாம் சம்பளத்துக்கும் நடுவில் திரும்புகிறார்கள். அந்த இடைவெளியில் கையில் காசு இருக்காது. ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க, சேர்ந்த நாள் முதல் இரண்டாம் சம்பளம் வரையிலான அறுபது நாளைப் பற்றியது.

*எந்தப் 'பயிற்சி' என்று கேளுங்கள்*

கணக்குக்குப் போகும் முன் ஒரு சொல்லைப் பிரித்துவிடுவோம். ஊருக்குள் வரும் எல்லாரும் 'ட்ரெய்னிங்' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அதற்குள் குறைந்தது மூன்று வேறு வேறு சரக்கு இருக்கிறது.

ஒன்று, ஆக்ட் அப்ரண்டிஸ். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் வருவது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள சின்னப் பட்டறை விரும்பினால் எடுக்கலாம். எழுத்து மூலம் ஒப்பந்தம் உண்டு, அது அரசுத் தளத்தில் பதிவாகும். உதவித்தொகைக்குக் கீழ்வரம்பு உண்டு. 2019 விதித் திருத்தத்தின்படி பத்தாம் வகுப்புக்கு 6,000, பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஐடிஐ முடித்தவருக்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். இவை குறைந்தபட்சம், அதற்கு மேல் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. பயிற்சி முடிந்து தேர்வில் தேறினால் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குத் தென்னிந்தியாவில் தரமணியில் இருக்கும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம்தான் வாசல்.

இரண்டாவது, இன்டர்ன்ஷிப். கம்பெனியைப் பார்த்துப் பழகுவதற்கு ஒரு வாய்ப்பு. இப்போது பலரும் கேட்பது பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டம். 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கியது. அந்த முன்னோட்டத்தில் 21 முதல் 24 வயது வரை, முழுநேரப் படிப்பிலும் வேலையிலும் இல்லாதவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பன்னிரண்டு மாதம், மாதம் 5,000 ரூபாய். அதில் 4,500 அரசு தருவது, 500 கம்பெனி தருவது. சேரும்போது ஒருமுறை 6,000.

மூன்றாவது, கம்பெனி ட்ரெய்னி. சட்டத்தில் இதற்கென்று ஓர் இடம் கிடையாது. கம்பெனியோ அதன் காண்ட்ராக்டரோ வைத்துக்கொண்ட பெயர். சில இடங்களில் இது நல்ல வேலையின் முதல் படி. சில இடங்களில் கூலியைக் குறைப்பதற்கான முகமூடி.

முகமூடி என்ற சொல்லைக் கோபத்தில் எழுதவில்லை. தென் மாவட்டத்துக்காரர்களுக்குச் சுமங்கலித் திட்டத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர், கோவை, விருதுநகர் நூற்பாலைகளுக்குப் பதினைந்து, பதினாறு வயதுப் பெண் பிள்ளைகள் வேனில் போனார்கள். மூன்று வருஷம் முடித்தால் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்று ஏஜென்ட் சொன்னார். மூன்று வருஷமும் அந்தப் பெண் 'பயிலுநர்'. தங்குவது ஆலைக்குள்ளேயே, வெளியே போக அனுமதி இல்லை. இரண்டே முக்கால் வருஷத்தில் உடம்பு முடியாமல் திரும்பியவருக்கு மொத்தத் தொகை மறுக்கப்பட்டது. 2008-இல் தமிழக அரசு இந்தப் பயிலுநர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. ஆலைத் தரப்பு நீதிமன்றம் போனது. 2016-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் ஆணையை உறுதி செய்தது. ஒரு தலைமுறைப் பெண்கள் அதற்குள் போய்த் திரும்பிவிட்டார்கள்.

அந்தப் பெயர் இப்போது யார் வாயிலும் வருவதில்லை. ஆனால் அதன் கூறுகள் தனித்தனியாக உயிரோடு இருக்கின்றன. பணத்தைக் கடைசியில் மொத்தமாகத் தருகிறேன் என்பது, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது, வெள்ளைத் தாளில் பெற்றோர் கையெழுத்து, போன் பேச நேரக் கட்டுப்பாடு. நான்கில் ஒன்று இருந்தாலும் அந்த வேனை ஊருக்குள் விடாதீர்கள். ஏஜென்ட் உங்கள் சொந்தக்காரராக இருந்தால் இன்னும் ஒரு மடங்கு எச்சரிக்கை வேண்டும். இங்கே ஏஜென்ட் பெரும்பாலும் யாரோ ஒருவருக்குச் சித்தப்பாவாகத்தான் இருக்கிறார்.

எனவே முதல் கேள்வி: "இது ஆக்ட் அப்ரண்டிஸா, இல்லையா?" ஆம் என்றால், "ஒப்பந்தப் பதிவு எண் என்றைக்குக் கிடைக்கும்?" இந்த இரண்டு கேள்வியையும் வாய்விட்டுக் கேட்டாலே வந்தவரின் முகம் பாதி விடையைச் சொல்லிவிடும். இன்னொரு உரைகல்லும் உண்டு. சட்டப்படியான பழகுநருக்குப் பி.எஃப், இஎஸ்ஐ கிடையாது. அவர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். பிடித்தம் இருக்கிறதென்றால் அது வேறு வகை வேலை, அப்படியானால் அதற்குரிய குறைந்தபட்சக் கூலியைக் கேட்க வேண்டும். இரண்டும் இல்லாமல், பிடித்தமும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை என்றால் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை என்று பொருள். இஎஸ்ஐ இல்லாத பழகுநருக்குப் பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டியது நிறுவனம். சட்டத்தின் 16-ஆம் பிரிவு. இதைப் பெற்றோரிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள், நல்ல நாளிலேயே.

*அறுபது நாள் கணக்கு*

ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐடிஐ முடித்த பையன், ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பழகுநர், மாதம் 7,000. ஜூன் 8-ஆம் தேதி சேருகிறான். நான் போடுவது ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் பையன் போகும் ஊரின் விலையை அங்கே இருப்பவரிடம் போனில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பஸ் 700. நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் அறைக்கு இவன் பங்கு அட்வான்ஸ் 3,000, வாடகைப் பங்கு 1,500. பாய், வாளி, தட்டு, போர்வை 1,000. ஷூ 800. மெஸ் 3,500. உள்ளூர்ப் பஸ் 500, போன் 300. கூட்டினால் 11,300. இதில் சினிமா இல்லை, காய்ச்சல் இல்லை, டீ கூட இல்லை.

இப்போது வரவைப் பாருங்கள். பல கம்பெனிகளில் வருகைப் பதிவை 25-ஆம் தேதியோடு முடித்து அடுத்த மாதம் 10-ஆம் தேதி பணம் போடுவார்கள். ஜூன் 8 முதல் 25 வரை பதினெட்டு நாள். பையன் 7,000-க்குப் பதினெட்டு நாள் கணக்கை மனத்தில் போட்டு 4,200 வரும் என்று காத்திருப்பான். கணக்கில் 3,300 விழும். ஏமாற்றிவிட்டார்கள் என்று அறைக்குள் பேச்சு கிளம்பும். உடன் இருக்கும் மூன்று பேரும் தலையாட்டுவார்கள்.

ஏமாற்று நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். தேசிய தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசு தருகிறது. முன்பு அது கம்பெனிக்குப் போகும். 2023 முதல் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. ஆகக் கம்பெனி போடுவது 5,500. மீதி 1,500 தனியாக, தாமதமாக, ஆதார் இணைந்த கணக்குக்கு வரும். கம்பெனி போட்டது ஒரு வங்கி, ஆதார் இணைந்தது பள்ளிக்கூட உதவித்தொகைக்காக எட்டாம் வகுப்பில் தொடங்கி இப்போது பாஸ்புக் எங்கே என்றே தெரியாத இன்னொரு வங்கி. பணம் அங்கே போய்ப் படுத்திருக்கும். இந்த ஒரு விஷயத்தைப் போகும் முன்பே சொல்லி அனுப்பாததால் நான் இழந்த பையன்கள் பலர். வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தபின், ஊர்ப் பாங்கில் பாஸ்புக்கை அச்சடித்துப் பார்த்தால் பணம் இருந்தது.

கணக்கைத் தொடர்வோம். ஜூலை 10-இல் வந்தது 3,300. இரண்டாம் மாதச் செலவு மெஸ், வாடகை, பஸ், போன் சேர்த்து 5,800. 2,500 துண்டு விழுகிறது. ஆகஸ்ட் 10-இல்தான் முழு 5,500. அதுவரை வெளியிலிருந்து வந்திருக்க வேண்டிய பணம் 11,300-உம் 2,500-உம் சேர்ந்து 13,800 ரூபாய். அதற்குப் பின்னும் அரசின் 1,500 ஒழுங்காக வந்தால் மாதம் ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சும், வராவிட்டால் முந்நூறு குறையும்.

இந்தப் பேப்பரைப் பையனுக்கும் அவன் தாய்தகப்பனுக்கும் ஒன்றாக உட்காரவைத்துக் காட்டுங்கள். சிலர் அந்த இடத்திலேயே வேண்டாம் என்பார்கள். சொல்லட்டும். அங்கே போய்ச் சொல்வதைவிட இங்கே சொல்வது எல்லாருக்கும் லாபம். அதே நாள் சென்டரிங் வேலைக்குப் போனால் சாயங்காலமே கையில் காசு. அதை விட்டுவிட்டு ஒருவன் இரண்டு மாதம் காத்திருக்கிறான் என்றால் அவன் குடும்பம் ஒரு முதலீடு செய்கிறது. முதலீடு என்று தெரிந்து செய்பவர்கள் இரண்டாம் மாதம் கூப்பிட்டு "வந்துரு" என்று சொல்வதில்லை.

இதே பேப்பர்தான் கம்பெனிகளை ஒப்பிடவும் உதவும். ஒரு வேளைச் சாப்பாடும் பஸ்ஸும் தரும் கம்பெனியின் 7,000, ஒன்றும் தராத கம்பெனியின் 9,000-ஐவிடக் கையில் நிற்கும். முகாமுக்கு வரும் எச்.ஆர். ஆட்கள் தொகையைப் பெரிதாகவும் கேண்டீனைச் சின்னதாகவும் சொல்வார்கள். நீங்கள் தலைகீழாகக் கேளுங்கள்.

அந்த 13,800-ஐ எங்கிருந்து கொண்டுவருவது? வாரவட்டிக்காரரிடமும் வீட்டு வாசலுக்கு வரும் மைக்ரோ பைனான்ஸிலும் வாங்கினால் தவணை அடுத்த வாரமே தொடங்கும். கதை அங்கேயே முடிந்தது. எங்களுக்குப் பலித்த வழி மகளிர் சுயஉதவிக் குழுவின் உள்கடன். அம்மா உறுப்பினராக இருந்தால் குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில், நான்காம் மாதம் தவணை தொடங்கும்படி தீர்மானம் எழுதிக் கொடுக்கலாம். நான்காம் மாதம் என்பதில் உறுதியாக நில்லுங்கள். எல்லாப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காமல், போகும்போது ஒரு பங்கு, ஜூலை முதல் வாரம் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுப்பது நல்லது. ஒரு ஊரில் குழுத் தலைவி இதற்கு 'வழிச்சோறு' என்று பேர் வைத்தார். அந்தப் பேரிலேயே அவர்கள் நோட்டில் தனிப்பக்கம் இருக்கிறது.

இதோடு இன்டர்ன்ஷிப் திட்டத்தின் முதல் சுற்றில் நடந்ததை வைத்துப் பாருங்கள். கம்பெனிகள் காட்டிய இடம் ஏறத்தாழ 1.27 லட்சம். கொடுத்த ஆணைகள் 82,000-க்கு மேல். ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 28,000. போய்ச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 8,700. இடம் தூரம், கொடுத்த வேலை பிடிக்கவில்லை, ஒரு வருஷம் நீளம் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். டெல்லியில் இது பெரிய செய்தி. மூன்றாவது பட்டியலை எடுத்துப் பார்த்த நமக்குச் செய்தியே இல்லை. மாதம் 5,000 ரூபாய்க்கு வெளியூரில் தங்கிச் சாப்பிட்டு ஒரு வருஷம் இருக்க முடிகிறவன், அந்த 5,000 இல்லாமலும் இருக்க முடிகிறவன்தான். எனவே இத்திட்டத்தை வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய இடமாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அல்லது சென்னையிலோ மதுரையிலோ தங்குவதற்கு அத்தை வீடு இருந்தால்.

*பெயர் என்ற பெரிய பூட்டு*

ஆவணங்களைப் பற்றி எல்லா வழிகாட்டியிலும் ஒரு பட்டியல் இருக்கும். அதை நான் மறுபடி போடவில்லை. பட்டியலில் இல்லாத ஒரு தொல்லையை மட்டும் சொல்கிறேன்.

நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு முதலெழுத்தும். அரசுத் தளங்கள் கேட்பது முதல் பெயரும் கடைசிப் பெயரும். மார்க் ஷீட்டில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் முதலெழுத்தே இல்லை, டிசியில் தகப்பன் பெயர் முழுதாக. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடும், குறையும். கணினிக்கு இவர்கள் நாலு பேர். ஒப்பந்தத்தை ஏற்க வேண்டிய அன்றைக்கு ஆதார் சரிபார்ப்பு நின்றுவிடும். கம்பெனி இரண்டு நாள் காத்திருக்கும். மூன்றாம் நாள் அடுத்த ஆளைக் கூப்பிடும்.

ஆகவே பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் தாயாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஒப்பாக மாற்றச் சொல்லுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்துவதுதான் கடினம். ஆதாரும் பாஸ்புக்கும் சுலபம். இந்த வேலையை மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஜூனில் பள்ளி, கல்லூரி, ஐடிஐ சேர்க்கைக் கூட்டத்தில் இ-சேவை மையத்தில் கால் வைக்க முடியாது.

அடுத்தது போன் நம்பர். ஆதாரில் இருப்பது அப்பாவின் பழைய நம்பர், அது செயலில் இல்லை. மின்னஞ்சல் பிரவுசிங் சென்டர் அண்ணன் உருவாக்கியது, கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும், அவர் கடையை மூடிவிட்டு மலேசியா போய்விட்டார். சிரிக்காதீர்கள், நடந்தது. பிள்ளையின் சொந்தப் போனில் சொந்த மின்னஞ்சல், கடவுச்சொல் அவனுடைய ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில். இதைவிடப் பாதுகாப்பான முறை உலகத்தில் இருக்கலாம், நம் ஊருக்கு இது போதும்.

இன்னொரு பூட்டைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பெரிய கம்பெனிகள் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்கின்றன. எங்கள் பக்கம் ஊர்ச் சண்டை, சாதிச் சண்டை என்று வந்தால் புகார் எழுதுகிறவர்கள் எதிர்த்தரப்பில் படிக்கிற பையன் பெயரை முதலில் எழுதுவார்கள். அவன் அன்றைக்கு ஊரிலேயே இருந்திருக்க மாட்டான். அவன் எதிர்காலத்தில் கை வைத்தால்தான் குடும்பத்துக்கு வலிக்கும் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். இதற்கு எந்தத் திட்டத்திலும் மருந்து இல்லை. இரண்டு தரப்புப் பெரியவர்களையும் சண்டை இல்லாத மாதத்தில் உட்காரவைத்து, மாணவர் பெயரை இழுப்பதில்லை என்று ஒரு பேச்சு முடித்துவைப்பது ஒன்றே வழி. பெயர் ஏற்கெனவே ஏறியிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிப்போங்கள். இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

*பெண் பிள்ளைகளை அனுப்பும்போது*

பெண்களின் கணக்கில் அறைக்குப் பதில் விடுதி. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் கெட்டுப்போன உணவால் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக, ஆயிரக்கணக்கானோர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தது நினைவிருக்கலாம். வேலையைப் பற்றி அவர்கள் பேசவில்லை. தூங்கும் இடத்தையும் சோற்றையும் பற்றித்தான் பேசினார்கள். அதன்பின் 2024-இல் வல்லம் வடகாலில் சிப்காட் 18,720 பேர் தங்கும் விடுதிகளைக் கட்டித் திறந்தது. பல ஊர்களில் அரசின் 'தோழி' விடுதிகளும் இருக்கின்றன.

எனவே கம்பெனியைப் பார்க்கும் முன் விடுதியைப் பாருங்கள். முதல் தடவை ஓர் ஊரிலிருந்து பெண்கள் போகும்போது இரண்டு அம்மாமார்களைக் குழுச் செலவில் கூட அனுப்பி ஒரு இரவு தங்கவையுங்கள். அவர்கள் பார்ப்பதை நீங்களும் நானும் பார்க்க மாட்டோம். ஒரு முறை அப்படிப் போன ஒரு அம்மா கழிவறைக் கதவின் உட்தாழ்ப்பாளை மட்டும் சரிபார்த்துவிட்டு வந்து, "அனுப்பலாம் சார், மூணு தாழ்ப்பாளும் விழுது" என்றார். எட்டுப் பெண்கள் போனார்கள். எட்டுப் பேரும் வருஷத்தை முடித்தார்கள்.

ஒற்றையாக ஒரு பெண்ணை அனுப்பாதீர்கள். பையனையும்தான். ஒரே ஊரிலிருந்து மூன்று பேர், முடிந்தால் ஒரே ஷிப்ட். இரண்டு பேர் என்றால் ஒருவர் கிளம்பினால் மற்றவரும் கிளம்பிவிடுவார். மூன்று பேரில் ஒருவர் போனாலும் இருவர் நிற்பார்கள்.

*பக்கத்திலேயே தேடுவது*

எல்லாரும் ஒரகடம் போக வேண்டியதில்லை. இராமநாதபுரமும் விருதுநகரும் 2018-இல் மத்திய அரசு அறிவித்த பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டு. தொழிற்சாலை குறைவு என்பது உண்மை. ஆனால் பரமக்குடியில் லேத் பட்டறை இருக்கிறது, ஊருக்கு ஊர் டூவீலர் ஒர்க் ஷாப் இருக்கிறது, இராமேசுவரம் பக்கம் படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஏசி மெக்கானிக்குக்கு வெயில் இருக்கும் வரை வேலை உண்டு. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறையும் பழகுநரை எடுக்கலாம் என்று மேலே சொன்னேன். அந்த 1,500 அரசுப் பங்கு இவர்களிடம் எடுக்கப்படும் பழகுநருக்கும் உண்டு. பட்டறை முதலாளிக்குத் தளத்தில் பதியத் தெரியாது, பதிந்தால் எந்த அதிகாரி வருவாரோ என்ற பயம். ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து நீங்களே பதிந்துகொடுத்தால் வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே ஒரு பையன் சான்றிதழ் பெறுவான். அறுபது நாள் கணக்கே அவனுக்கு வேண்டியதில்லை.

ரயில்வேயைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொன்மலை, பெரம்பூர் பணிமனைகளில் பழகுநர் தேர்வுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு, ஐடிஐ மதிப்பெண் அடிப்படையில் எடுக்கிறார்கள். முடித்தவர்களுக்கு ரயில்வேயின் லெவல் ஒன்று பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஐடிஐ படிக்கும்போதே மதிப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். "ஐடிஐ-தானே, பாஸ் ஆனால் போதும்" என்ற எண்ணத்தில் மதிப்பெண்ணை விட்டவர்கள் பின்னால் வருந்தியதைக் கண்டிருக்கிறேன்.

நிரந்தரம் ஆக்குவார்களா என்ற கேள்வி எல்லா முகாமிலும் வரும். பழகுநரை வேலைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எடுப்பது குறித்து ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. அந்தக் கொள்கையைக் கேளுங்கள். போன வருஷம் எத்தனை பேர் பழகினார்கள், எத்தனை பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று எச்.ஆரிடம் கேளுங்கள். அதைவிட நல்லது, கம்பெனி வாசல் டீக்கடையில் கேட்பது. அதேபோல், பழகுநரை ஓவர்டைம் பார்க்க வைக்கத் தொழில் பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகள் ஓவர்டைம் காசுக்கு ஆசைப்படுவார்கள். அது அவர்களுடைய குற்றமில்லை, மேலே போட்ட கணக்கின் குற்றம். ஆனால் நின்றபடி தூங்கி மெஷினில் கை விட்டவனை நான் பார்த்திருக்கிறேன். ஒப்புதல் இல்லாத ஓவர்டைமில் நடந்த விபத்து என்றால் பயிற்சியின்போது நடக்கவில்லை என்று கம்பெனி வாதாடப் பார்க்கும்.

*போன பிறகு*

பஸ் ஏற்றிவிட்டதோடு நம் வேலை முடிவதில்லை. இரண்டாம் நாள், பத்தாம் நாள், முதல் சம்பளத்தின் மறுநாள், நாற்பதாம் நாள் என்று நான்கு அழைப்பு. இரண்டாம் நாள் இடத்தைக் கேளுங்கள், பத்தாம் நாள் சாப்பாட்டைக் கேளுங்கள், சம்பளத்தன்று எவ்வளவு விழுந்தது என்று எண்ணில் கேளுங்கள். "வந்துருச்சு" என்பது பதிலாகாது.

ஊர்த் திருவிழாவையும் கணக்கில் வையுங்கள். முளைப்பாரிக்கும் குலதெய்வக் கும்பிடுக்கும் பிள்ளைகள் வருவார்கள். வர வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வருபவரில் ஒரு பகுதி திரும்பிப் போவதில்லை. எங்கள் அனுபவத்தில் பலித்தது ஒன்றுதான். வரும்போதே திரும்பும் டிக்கெட்டை வழிச்சோற்றுக் கணக்கில் எடுத்து, அதைப் பையனிடம் கொடுக்காமல் கூடப் போகும் பெண் பிள்ளையிடம் கொடுத்துவிடுவது.

நாற்பதாம் நாள் அழைப்பை நீங்களே பேசுங்கள், அல்லது அதே கம்பெனியில் முன்பு பழகி நின்றவரை வைத்துப் பேசுங்கள். அம்மாவைப் பேசச் சொல்லாதீர்கள். அவர் பையன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டியா என்று கேட்பார், அவன் ஒரு நொடி பதில் சொல்லாமல் இருப்பான், அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்துவிடுவான்.